மட்டக்களப்பிலிருந்து ஒருநாள் பயணம்: கோட்டைகளையும் சிறைப்பட்டோர் வரலாற்றையும் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கே போகலாம்?

கேள்வி: களுவாஞ்சிக்குடி வாசகி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் 10ஆம், 11ஆம் தரங்களில் படிக்கும் பிள்ளைகள் 14 பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் நானும் வேறு மூன்று பெரியவர்களும் அவர்களோடு உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் படிக்கிறோம். சென்ற மாதம் ஒல்லாந்தர் காலத்தைப் படித்தபோது, மதில், கொத்தளம், அகழி, பீரங்கி மேடை என்று கோட்டையின் உறுப்புகளைப் பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த ஒரு பிள்ளை, "ரீச்சர், இந்த மதில் வெளியே இருப்பவர்கள் உள்ளே வராமல் தடுக்கவா, உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் தடுக்கவா?" என்று கேட்டாள். இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கோட்டை எப்படி ஊரைக் காத்தது என்பதைத்தான் எங்கள் பாடம் சொல்கிறது. அதற்குள்ளும் அதனாலும் அடைபட்டவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே, பிள்ளைகளை ஒருநாள் வெளியே கூட்டிச் செல்ல எண்ணியிருக்கிறோம். காலையில் மட்டக்களப்புக் கோட்டை, அதன்பின் திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை, இயலுமானால் சிறை வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று என்பதே என் மனத்திலுள்ள திட்டம். 26 இருக்கைகள் கொண்ட சிறிய பஸ் ஒன்றைப் பேசியிருக்கிறோம். இரவு எட்டு மணிக்குள் பிள்ளைகளை வீடுகளில் சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளையின் அம்மம்மாவும் வர விரும்புகிறார். அவரால் மெதுவாக நடக்க முடியும், படி ஏறுவது கடினம்.

இந்தத் திட்டம் ஒரே நாளுக்குள் அடங்குமா? சிறை அருங்காட்சியகம் என்று சொல்லத்தக்க இடம் எங்கள் பக்கத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வரலாற்றை எந்த இடத்தில் நின்று சொல்வது பொருத்தம்? போய்வந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் வாசிப்பேன்.

பதில் 1: புளியந்தீவுக்காரன்

தங்கச்சிக்கு வணக்கம். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், 22 ஆண்டுகள் எழுதுவினைஞனாக வேலை செய்து ஓய்வுபெற்றவன். அக்காலத்தில் கச்சேரி கோட்டைக்குள்ளேயே இருந்தது. அதனால், ஒல்லாந்தர் எழுப்பிய மதிலின் வாசலால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வந்தேன் என்று சொல்லும் உரிமை எனக்குண்டு. அந்த உரிமையோடு ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: எங்கள் கோட்டையைத் திருகோணமலைக்குப் போகும் வழியில் அரைமணி நேரம் இறங்கிப் பார்க்கும் இடமாக்கிவிடாதீர்கள். வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படிப் பார்க்கக்கூடாது.

போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையை 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே 18ஆம் திகதி, அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. இலங்கையில் ஒல்லாந்தர் முதன்முதலில் பிடித்த கோட்டை இதுதான். காலிக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முன்னதாக இங்கேதான் அந்தக் கதை தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். வாவிப் பக்கத்துக் கொத்தளத்தில் ஏறி நின்றால், கோட்டையை ஏன் இந்த முனையில் கட்டினார்கள் என்பது பாடம் இல்லாமலே விளங்கும். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். நீரைக் கடக்காமல் எவரும் மதிலைத் தொட முடியாது. ஒல்லாந்தக் கும்பினியின் மூன்று எழுத்துகளைப் பின்னிய இலச்சினையையும் வாவியைப் பார்த்தபடி கிடக்கும் பீரங்கிகளையும் காட்டுங்கள். உள்ளே சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு.

பிடிபட்ட ஐந்தாம் நாள், மே 23ஆம் திகதி, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்தார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்கும் என்ற பிரிவில், "அரசர் விரும்பினால்" என்ற பொருள்படும் சொற்கள் அரசரிடமிருந்த உடன்படிக்கைப் படியில் இருந்தன; ஒல்லாந்தரின் படியில் அவை இல்லை. அந்தச் சொற்கள் இல்லாமற் போனதால் எழுந்த பிணக்கு பல ஆண்டுகள் நீடித்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியாது. கொத்தளத்தின் நிழலில் இருத்தி இரண்டு படிகளையும் இரண்டு பிள்ளைகளைக்கொண்டு சொல்லவையுங்கள்.

இனிச் சிறைக்கு வருகிறேன். மட்டக்களப்புச் சிறைச்சாலை இன்றும் கைதிகள் வாழும் சிறைச்சாலை. அது பார்வையிடும் இடமன்று. அதன் வாசலில் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். உள்ளே இருப்பவரைப் பார்க்கப் பையோடு காத்துநிற்கும் தாய்மார்களுக்கு முன்னால் நாங்கள் சுற்றுலாக்காரராக நிற்பது முறையல்ல. ஆனால் அதன் கதையைச் சொல்லாமல் விடவும் கூடாது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில், 25ஆம் 27ஆம் திகதிகளில், 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் திகதி இந்தச் சிறை உடைக்கப்பட்டுப் பலர் தப்பிச் சென்றார்கள். அப்போது நான் இளைஞன். மறுநாள் காலையில் தெருவில் இருந்த அமைதியை இன்றும் மறக்கவில்லை. இதைப் பிள்ளைகளிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்பதை நீங்களும் அவர்களுடைய பெற்றோரும் பேசி முடிவெடுங்கள்.

என் கருத்து இதுதான்: மட்டக்களப்புக் கோட்டைக்கு ஒரு மாலைப் பொழுதைத் தனியாக ஒதுக்குங்கள். திருகோணமலைக்கு வேறொரு நாள் போங்கள்.

பதில் 2: கொட்டியாரத்து மகன்

புளியந்தீவு ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு எந்த மாலையிலும் வரலாம், திருகோணமலைக்கு அப்படி வர முடியாது. நான் மூதூரைச் சேர்ந்தவன். ரீச்சருடைய கேள்வியில் சிறைப்பட்டோர் வரலாறு என்ற சொற்களைப் பார்த்ததும், எங்கள் ஊர் வழியாகத்தானே போகப் போகிறீர்கள் என்று மனம் துள்ளியது.

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று போகும் ஏ15 வீதியைத்தான் எடுப்பீர்கள். எங்கள் பெற்றோர் காலத்தில் அந்த வீதியில் ஒரு பாதையில் இறங்கி அடுத்த பாதையில் ஏற வேண்டியிருந்தது. பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் மிதவை என்பதை இன்றைய பிள்ளைகள் பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பிறகுதான் இந்த வழி ஒருநாள் பயணத்துக்கு ஏற்றதாயிற்று. இப்போது மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் திருகோணமலையை அடையலாம்.

நான் சொல்ல வந்தது ரொபட் நொக்ஸ் பற்றியது. 1659இன் இறுதியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்க்கவென எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பல் தலைவரான ரொபட் நொக்ஸும், அதே பெயர்கொண்ட அவருடைய மகனும், மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் பிடிபட்ட இடம் என்று சொல்லப்படும் மரத்தடியில் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. வெள்ளைக்காரன் மரம் என்றே அந்த இடத்துக்குப் பெயர். ஊருக்குள் வந்து யாரிடமாவது கேட்டால் வழி காட்டுவார்கள்.

மகனுக்கு அப்போது வயது 19. அவர் சிறைப்பட்டிருந்ததும் 19 ஆண்டுகள். அதாவது, அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதற்கும் சமமான காலம். உங்கள் பிள்ளைகளைவிட மூன்று நான்கு வயது மூத்தவர் அவ்வளவுதான். நானும் அந்த வயதில் தொழில் தேடி ஊரை விட்டுப் போனவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் நெஞ்சில் நிற்கிறது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். காலையில் வீட்டிலிருந்தே பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வாருங்கள். வாகரைக் கடற்கரையில் நிழல் பார்த்து நிறுத்திச் சாப்பிட்டால் கடையில் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

களுவாஞ்சிக்குடி வாசகி எழுதியது

ஐயாவுக்கும் மூதூர்த் தம்பிக்கும் மிக்க நன்றி. மட்டக்களப்புக் கோட்டையைத் தனி மாலையாக வைக்க முடிவுசெய்துவிட்டேன். உடன்படிக்கையின் இரண்டு படிகளைப் பற்றிய யோசனை என்னை மிகவும் கவர்ந்தது. சிறைச்சாலை வாசலில் நிறுத்தக்கூடாது என்பதும் சரியே. எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும்.

நொக்ஸ் எந்தக் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தார்? அந்த இடத்தையும் இணைத்துச் சொல்ல முடிந்தால் பிள்ளைகளுக்குக் கதை முழுமையாகும். பிரட்றிக் கோட்டைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 3: கோணமலை வரலாற்று மாணவி

ரீச்சர், நொக்ஸ் எந்தக் கோட்டையிலும் அடைக்கப்படவில்லை. இந்தக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கண்டி அரசன் அவர்களைச் சுவருக்குள் பூட்டவில்லை. ஊர் ஊராகப் பிரித்துக் குடிமக்களிடம் ஒப்படைத்தான். சோறு ஊரவர் கொடுக்க வேண்டும், காவலும் ஊரவரே. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், வீடும் தோட்டமும் வைத்திருந்தார். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தபோது மகனே குழி வெட்டி அடக்கம் செய்தார். பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்துத் தம் மொழியிலான வேதாகமத்தை வாங்கினார். மலையும் காடும் கணவாய்களில் இருந்த காவலும் அவருக்கு மதிலாக இருந்தன. 1679இல், சிறு பண்டங்கள் விற்பவர்போல் வடக்கு நோக்கி நகர்ந்து, இன்னொரு கைதியோடு அனுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவைப் பின்பற்றி நடந்து, மன்னார்ப் பக்கத்தில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார். அக்டோபர் 18ஆம் திகதி அந்தக் கோட்டைக்குள் நுழைந்தபோதுதான் அவருடைய சிறைவாழ்வு முடிந்தது.

அந்தப் பிள்ளை உங்களிடம் கேட்ட கேள்விக்கு இதை மறுமொழியாக வைத்துப் பாருங்கள். மதிலே இல்லாத ஊரில் ஒருவர் 19 ஆண்டுகள் கைதியாக இருந்தார். மதிலுக்குள் புகுந்த நாளில் விடுதலை பெற்றார்.

அடைத்து வைப்பதற்குக் கடலே போதும் என்று ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இலங்கைத் தீவையே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மக்காசரைச் சேர்ந்த அறிஞர் ஷேக் யூசுப் 1684இல் ஒல்லாந்தரால் இங்கு நாடுகடத்தப்பட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின் இங்கிருந்தும் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். சாவகத்தின் (ஜாவாத் தீவின்) மாதராம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் பிடிபட்டு இங்கு கொண்டுவரப்பட்டு இங்கேயே இறந்தார். ஆங்கிலேயர் காலத்தில் எகிப்தின் அராபி பாஷா 1883 முதல் 1901 வரை இங்கு வாழ்ந்தார். பாடநூலில் இவர்களைத் தனித்தனிப் பெயர்களாகப் படிக்கும் பிள்ளைகள், ஒரே வரியில் வைத்துப் பார்த்தால் தங்கள் தீவை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

இனிப் பிரட்றிக் கோட்டை. குறைந்தது இரண்டரை மணி நேரம் வையுங்கள். இது இன்றும் இராணுவம் இருக்கும் இடம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள்ளால் போவதால் பொதுமக்கள் நடந்துபோகலாம். பெரியவர்கள் அடையாள அட்டை வைத்திருங்கள். இராணுவக் கட்டடங்களைப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

வாசலிலேயே நின்றுவிடுங்கள். எல்லாரும் கோயிலை நோக்கி விரைந்து போவதால் அந்த வாசலை யாரும் பார்ப்பதில்லை. நுழைவாயிற் கற்களில் பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்திருக்கிறது. தமிழ்க் கல்வெட்டு ஒன்றின் சிதைந்த வரிகளும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை" என்று தொடங்கி, பின்னே பறங்கி அதைப் பிரிப்பான் என்று சொல்லும் பாடலை அந்தக் கல்வெட்டோடு சேர்த்தே எங்கள் ஊரார் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோணேசர் கோயில் 1622இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக்கொண்டே கோட்டை எழுந்தது. ஆகவே கல்வெட்டு கோட்டைக்கு வந்து சேர்ந்த விதம் வேறு விளக்கம் வேண்டாமலே தெரியும். கோயிற் கல்லே மதிற் கல் ஆன இடத்தில் பிள்ளைகளைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் முதன்முதல் தொட்ட நாளில் பாட்டி என் பக்கத்தில் நின்றார். அவர் கல்லைத் தொட்ட கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன்.

பிறகு கோட்டை கைமாறிய வரிசை: 1639இல் ஒல்லாந்தர்; சில ஆண்டுகளில் கைவிட்டு 1665இல் மீண்டும் வந்தார்கள்; 1782 சனவரியில் ஆங்கிலேயர், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சியர்; மறுபடி ஒல்லாந்தர்; 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர். யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயரை 1803இல் வைத்தார்கள். இந்த வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். கடல் பக்கத்து மதிலருகே நின்று, இந்தத் துறைமுகத்துக்காக எத்தனை பேர் சண்டையிட்டார்கள் என்று குடாவைக் காட்டினாலே போதும்.

அம்மம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோட்டைக்குள் வீதி மெல்ல ஏறுகிறது, மர நிழலும் உண்டு, மான்கள் திரியும். மெதுவாக நடந்தால் அவரால் வர முடியும். கோயிலுக்குப் போகும் கடைசி ஏற்றம்தான் கடினம். மான்களுக்குப் பொலித்தீன் பையில் எதையும் நீட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பையோடு விழுங்கிவிடுகின்றன. கோயில் நடையை நண்பகலில் சாத்திவிடுவார்கள். ஆகவே பதினொரு மணிக்கு முன் கோட்டை வாசலில் நின்றால்தான் இரண்டையும் பார்க்கலாம்.

துறைமுகத்தின் மறுபக்கம் ஒஸ்ரன்பேர்க் கோட்டை இருக்கிறது. அது கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால், முன் அனுமதி இல்லாமல் ஒருநாள் பயணத்தில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதிலாக, ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் பழைய மாளிகையில் அமைந்த கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். நண்பகல் வெயிலுக்கு அந்தத் தடித்த சுவர்களும் நீண்ட விறாந்தைகளும் நல்ல ஒதுக்கிடம்.

பதில் 4: காரைதீவு வாசகன்

நல்ல உரையாடல். சிறை அருங்காட்சியகம் என்ற பகுதிக்கு மட்டும் நான் எழுதுகிறேன்.

எங்கள் கிழக்கில் அப்படி ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். கண்டியில் 1876இல் கட்டப்பட்ட போகம்பரைச் சிறை 2014இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். பழைய கட்டடம் நகர நடுவில் நிற்கிறது. ஆனால் களுவாஞ்சிக்குடியிலிருந்து மலையேறிப் போய், அன்றிரவே திரும்புவது பிள்ளைகளுக்குத் தண்டனைதான். யாழ்ப்பாணம் போகிறவர்கள் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைப் பார்க்கலாம். ஒல்லாந்தர் அதை ஹமன்ஹீல் என்று அழைத்தார்கள். மக்கள் விடுதலை முன்னணியின் 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள் அங்கு அடைக்கப்பட்டிருந்தார்கள்; இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது.

நான் பார்த்தவற்றுள் கோட்டையும் சிறையும் ஒன்றாக மனத்தில் பதிந்த இடம் வேலூர். அம்மாவின் சிகிச்சைக்காக ஆறு கிழமை அங்கே தங்கியிருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அதே காரணத்துக்காகப் போய்வருகின்றன. அவர்களுள் பலர் மருத்துவமனைக்கும் தங்கும் அறைக்கும் இடையில் நடந்தே திரும்பிவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஓய்வு சொல்லியிருந்த ஒருநாளில் நான் கோட்டைக்குப் போனேன். கருங்கல் மதில், சுற்றிவர நீர் நிறைந்த அகலமான அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், ஓர் அரசு அருங்காட்சியகம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவருடைய குடும்பத்தாரை அங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10ஆம் திகதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான்.

அதே மதிலுக்குள் கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம இராசசிங்கனும் சிறைவைக்கப்பட்டிருந்தான் என்பது எனக்குப் பாடநூலில் ஒரு வரியாகவே தெரிந்திருந்தது. 1815இல் பிடிபட்டு, 1816இல் கடல் கடத்தப்பட்டு, 1832 சனவரி 30ஆம் திகதி இறக்கும் வரை 16 ஆண்டுகள். அவன் வாழ்ந்த கட்டடத்தைக் கண்டி மகால் என்கிறார்கள். பாலாற்றங்கரையில் அவன் அடக்கமான இடத்தில் முத்து மண்டபம் கட்டியிருக்கிறார்கள், அங்கும் போனேன். அந்தக் கல்லின் முன் நின்றபோது, இந்த ஊரில் இவனைத் தேடி வந்து நிற்கும் இலங்கையர் எத்தனை பேர் என்று எண்ணினேன். அரசனும் இங்கே அந்நியன், அம்மாவும் நானும் அந்நியர். எங்களுக்காவது திரும்பிப் போகும் திகதி தெரிந்திருந்தது. அன்று மாலை அம்மாவின் கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அவனுக்கு அங்கே எங்கள் சாப்பாடு கிடைத்திருக்குமா?" என்று கேட்டார்.

ரீச்சர், மூதூரில் நொக்ஸ் கதையைச் சொல்லும்போது இந்த அரசனின் கதையையும் பக்கத்தில் வையுங்கள். ஒருவனைக் கடல் இங்கே கொண்டுவந்து அடைத்தது. மற்றவனைக் கடல் இங்கிருந்து கொண்டுபோய் அடைத்தது. இருவருக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு.

பதில் 5: புளியந்தீவுக்காரன்

காரைதீவுத் தம்பி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் அம்மா இப்போது நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

தங்கச்சிக்கு இன்னும் ஒன்று. திகதியைத் தெரிவுசெய்யும்போது மாதத்தைக் கவனியுங்கள். மார்கழி மழையில் வாகரைப் பக்கம் வெள்ளம் வீதியை மறிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும், கோட்டை மதில் கை வைக்க முடியாமல் சுடும். மாசி பிற்பகுதியும் பங்குனியும் நல்லவை. மட்டக்களப்புக் கோட்டைக்கு நீங்கள் வரும் மாலையில் நான் வாசலில் நிற்கிறேன். எனக்கு வேறு வேலை இல்லை. எந்தக் கொத்தளத்தில் எந்த நேரம் நிழல் விழும் என்பது தெரியும்.

களுவாஞ்சிக்குடி வாசகி எழுதியது

எல்லாருடைய பதில்களையும் அச்செடுத்து வாசகர் வட்டத்தில் வாசித்தோம். முடிவுகளை இங்கே எழுதிவைக்கிறேன். பின்னால் தேடி வருபவர்களுக்கும் உதவும்.

மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு மட்டக்களப்புக் கோட்டை. ஐயா வாசலில் நிற்கிறேன் என்று எழுதியதை வாசித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை அதிகாலை நாலரைக்கு ஊரிலிருந்து புறப்பட்டு, வாகரையில் காலைச் சாப்பாடு, மூதூரில் நினைவுக்கல், பதினொரு மணிக்குள் பிரட்றிக் கோட்டை வாசல், கோயில், பிறகு கடல்சார் அருங்காட்சியகம். பிற்பகல் மூன்றரைக்குத் திரும்புவோம். ஒஸ்ரன்பேர்க்கை விட்டுவிட்டோம். அம்மம்மா கோட்டைக்குள் மர நிழல் வரை வருவார். எங்களில் ஒருவர் அவரோடு தங்குவார்.

1983ஐப் பற்றிப் பெற்றோருடன் பேசினோம். இருவர் வேண்டாம் என்றார்கள், மற்றவர்கள் சொல்ல வேண்டும் என்றார்கள். நீண்ட நேரம் பேசிய பிறகு, சிறைச்சாலைப் பக்கம் போகாமல், மட்டக்களப்புக் கோட்டையில் வாவியைப் பார்த்திருந்து, நடந்ததைத் திகதிகளோடு நிதானமாகச் சொல்வதென்று எல்லாரும் உடன்பட்டார்கள். ஐயா, அன்று காலையில் தெருவில் இருந்த அமைதியைப் பற்றி நீங்களே உங்கள் வாயால் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? நான் சொன்னால் அது பாடமாகிவிடும்.

முதற் கேள்வியைக் கேட்ட பிள்ளையிடம் நொக்ஸ் அரிப்புக் கோட்டைக்குள் நுழைந்த கதையைச் சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால் கதவின் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் கேட்க வேண்டும், ரீச்சர்" என்றாள். இரண்டு கோட்டைகளிலும் அந்தக் கேள்விக்கு விடை தேடி எழுதும் வேலையை அவளிடமே கொடுத்திருக்கிறேன்.

பதில் 6: புளியந்தீவுக்காரன்

சொல்கிறேன் தங்கச்சி. மூன்று மணிக்கு வாசலில் இருப்பேன்.